கூப்பிடு தூரத்தில் தும்பர மலை

கட்டுகஸ்தோட்டையைச் சூழ்ந்த மேடுகளில் ஏறி, மேகமற்ற தை மாதத்துக் காலையொன்றில் வடகிழக்கே நோக்குவோர், மடக்கிய கையின் முட்டிகள் போன்று வரிசையாய் எழுந்து நிற்கும் மலைமுடிகளைக் காண்பர். அம்முட்டிகளைக் கண்டே ஆங்கிலேயர் அத்தொடருக்கு ‘நக்கிள்ஸ்’ எனப் பெயரிட்டனர். அவர்கள் வருமுன்னரே வழங்கிய பெயர் தும்பர மலை என்பது. கதிர்காமத்துக்குக் கால்நடையாய்ப் போனவர்கள் நம்மிடையே உண்டு. சிவனொளிபாத மலையை ஏழு முறை ஏறினேன், எட்டு முறை ஏறினேன் என்று கணக்குச் சொல்வோரும் உண்டு. ஆனால், நாள்தோறும் கண்ணெதிரே நிற்கும் தும்பர மலைக்குள் அடியெடுத்து வைத்தவர் எத்தனை பேர்?

மேனாட்டார் கோடை விடுமுறையில் மேற்கொள்ளும் மலைநடைகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த போதுதான் இக்கேள்வி எம்மை உறுத்தத் தொடங்கியது. வட ஆபிரிக்காவில், மொரோக்கோ நாட்டிலே, உயர் அட்லஸ் என்றொரு மலைத்தொடர் உண்டு. அதன் உச்சியாகிய தூப்கால் 4,167 மீற்றர் உயரமுடையது. வட ஆபிரிக்காவில் அதனை விஞ்சிய சிகரம் வேறில்லை. அம்மலையின் பள்ளத்தாக்குகளில் பெர்பர் மக்கள் கல்லாலும் மண்ணாலும் வீடு கட்டி, படிக்கட்டு வயல்களில் வாற்கோதுமை விளைத்து வாழ்கின்றனர். பெர்பர் என்பது பிறர் இட்ட பெயர். தம்மை அவர்கள் அமாசிக் என்றே அழைத்துக்கொள்வர். கோடை வந்ததும் இம்லில் என்னும் ஊரிலிருந்து கோவேறு கழுதைகளில் சுமையேற்றி, உள்ளூர் வழிகாட்டி முன்னே நடக்க, பயணிகள் ஊர் ஊராய்ச் செல்வர். இரவில் அம்மக்களின் இல்லங்களிலேயே தங்கி, புதினா இட்ட தேநீர் அருந்தி, விடிந்ததும் அடுத்த கணவாயை நோக்கிப் புறப்படுவர். விமானமேறி அவ்வளவு தூரம் செல்வோரைப் பற்றி வியந்து வாசித்த நமக்கு, பஸ்ஸில் போகக்கூடிய மலைக்கு ஏன் போகவில்லை என்பதற்கு விடை கிடைக்கவில்லை.

ஆகவே 2024 ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில், கண்டிப் பெரஹரா முடிந்து யானைகள் ஊர் திரும்பிய பின்னர், நாமும் புறப்பட்டோம். நம்முடன் வந்தவர் மூவர்: கல்லூரி ஆசிரியர் ஒருவர், அவருடைய மாணவர் இருவர். ஆசிரியர் தாவரவியல் கற்பிப்பவர். எந்தச் செடியைக் கண்டாலும் நின்றுவிடுவார். மாணவருள் மூத்தவன் பேசாதவன். இளையவன் பேசாமல் இராதவன். “வழிகாட்டி எதற்கு ஐயா? கைத்தொலைபேசியிலேயே வரைபடம் இருக்கிறதே!” என்று முதல் நாளே கேட்டவன் அவன்தான். அந்தக் கேள்விக்கு மலையே பின்னர் விடை சொல்லிற்று.

கண்டியிலிருந்து மாத்தளைக்கு 1880 இல் இட்ட இருப்புப்பாதை கட்டுகஸ்தோட்டை வழியே செல்கிறது. அதில் ஆடி அசைந்து போகும் புகைவண்டியேறி வத்தேகமவில் இறங்கினோம். அங்கிருந்து பஸ் பன்வில, ஹுலுகங்கை என்று ஏறத் தொடங்கிற்று. வளைவுக்கு வளைவு தேயிலை மலை பக்கம் மாறியது. வலப்புறம் இருந்த பள்ளத்தாக்கு இடப்புறம் வந்தது. பம்பரெல்லவுக்கு அப்பால் முச்சக்கர வண்டிக்காரர் இருவரிடம் பேரம் பேசி, எலும்புகள் இடம் மாறினவோ என்று ஐயுறும் வண்ணம் குலுக்கப்பட்டு, மாலை நான்கு மணியளவில் தங்கப்புவத் தோட்டத்தை அடைந்தோம்.

இந்தத் தோட்டங்களைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். இம்மலைகளில் முதலில் வந்தது தேயிலையன்று, கோப்பி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோப்பிக்காகவே காடுகள் வெட்டிச் சாய்க்கப்பட்டன. வெட்டியவர்களும் நட்டவர்களும் தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர். கடலைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, மாத்தளை என்று காடு நடுவே நடந்து வந்தனர். வழியில் கொள்ளை நோயிலும் காய்ச்சலிலும் மாண்டோர் பலர். மாத்தளையைக் கடந்து கண்டிப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போனவர்கள், இன்று நாம் சந்தைக்குப் போய்வரும் இதே கட்டுகஸ்தோட்டையில்தான் மகாவலியைக் கடந்தனர். ‘தோட்டை’ என்ற ஈற்றுச் சொல் சிங்களத்தில் ஆற்றுத்துறையைக் குறிப்பது. தேயிலைத் தோட்டத்தோடு அதற்கு உறவில்லை. 1869 இல் இலைப்பூஞ்சண நோய் தோன்றிக் கோப்பியை அழிக்கத் தொடங்கியதும் அவ்விடத்தில் தேயிலை வந்தது. மலையுச்சிகள் மட்டும் தப்பின. 5,000 அடிக்கு மேற்பட்ட அரச காடுகளைத் தோட்டங்களுக்கு விற்பதில்லை என்று 1873 இல் அக்காலத்து அரசு செய்த முடிவே அதற்குக் காரணம். மழைக்கும் ஆற்றுக்கும் காடு வேண்டும் என்பதை அப்போதே சிலர் உணர்ந்திருந்தனர்.

அன்றிரவு ஒரு லயத்துக் காம்பராவில் தங்கினோம். அந்த வீட்டு அம்மாளுக்கு எழுபது வயதிருக்கும். கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கறுத்த விரல்களால் ரொட்டி தட்டிப் போட்டு, தேங்காய்ச் சம்பலும் வைத்துத் தந்தார்.

“மலையப் பாக்கவா வந்தீங்க, ஐயா? நாங்க இதப் பாத்துப் பாத்தே கண்ணு மங்கிப் போனோம்” என்று சொல்லிச் சிரித்தார்.

அவருடைய அண்ணன்மார் இருவரும் நீலகிரியில் இருக்கிறார்களாம். 1964 ஆம் ஆண்டின் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட பல்லாயிரக்கணக்கான குடும்பங்களுள் அவர்களுடையதும் ஒன்று. “அங்கயும் தேயிலதான். அங்கயும் மலதான். குளிருதான் கொஞ்சம் கூடன்னு எழுதுவாங்க” என்றார். கடிதம் வந்து பல ஆண்டுகளாகிவிட்டன என்பதைப் பின்னர் அவருடைய பேரன் சொன்னான்.

அந்தப் பேரன்தான் மறுநாள் எமக்கு வழிகாட்டி. வயது இருபத்துநான்கு. கொழும்பில் ஒரு புடைவைக் கடையில் இரண்டாண்டு வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவன். ஏன் திரும்பினாய் என்று கேட்டதற்கு, “அங்க மூச்சு முட்டிச்சு சார்” என்றான். சிறுவயதில் விறகுக்கும், தேனுக்கும், காணாமற்போன மாட்டைத் தேடவும் திரிந்த பாதைகள் யாவும் அவனுக்கு மனப்பாடம். அந்த மனப்பாடத்துக்குக் கூலி உண்டு என்பதை வெளிநாட்டுப் பயணிகள் வரத் தொடங்கிய பின்னரே அறிந்தானாம்.

விடியற்காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று இம்மலையின் மேற்குச் சரிவில் மோதி நீரைக் கொட்டும். புறப்படுமுன் எங்கள் கால்களுக்குச் சவர்க்காரம் தேய்த்தான் அப்பையன். அட்டைக்கு அதுவே மருந்து. தேசிக்காய்ச் சாறு பூசுவோரும் உண்டு. இரண்டையும் பூசிக்கொண்ட ஆசிரியரையே அட்டைகள் பெரிதும் விரும்பின என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

தேயிலை முடிந்த இடத்தில் காடு தொடங்கியது. வாசலைக் கடந்து வீட்டுக்குள் புகுவது போன்ற மாற்றம் அது. வெளிச்சம் மங்கிற்று, காலடி ஓசை அடங்கிற்று, மரத்தின் உடலெல்லாம் பாசி. உயரம் ஏற ஏற மரங்கள் குட்டையாயின. காற்றின் கொடுமையாலும் மண்ணின் ஆழக்குறைவாலும் உச்சிப் பக்கத்து மரங்கள் சில இடங்களில் மனித உயரத்துக்கு மேல் வளர்வதில்லை என்று ஆசிரியர் விளக்கினார். இத்தொடரின் மிக உயர்ந்த முடியாகிய கொம்பனிய 1,906 மீற்றர் உயரமுடையது. நக்கிள்ஸ் என்று பெயர் பெற்ற முடி 1,863 மீற்றர். அட்லஸ் உச்சியில் பாதிக்கும் குறைவே. ஆனாலும், மகாவலிப் பள்ளத்தாக்கு இம்மலையை நடு மலைநாட்டினின்றும் பிரித்து வைத்திருப்பதால், வேறெங்குமில்லாத உயிர்கள் இங்கே தோன்றி நிலைத்திருக்கின்றன.

அவற்றுள் ஒன்றினால்தான் எமக்கு ஆபத்து வந்தது. மூக்கின் நுனியில் சிறு இலையொன்று முளைத்தாற் போன்ற தோற்றமுடைய ஓணான் ஒன்று இம்மலையில் வாழ்கிறது. உலகில் வேறெங்கும் அது இல்லை. இலங்கையில் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட்டின் பெயரை விஞ்ஞானிகள் அதற்குச் சூட்டியுள்ளனர். நடை மெதுவானது, ஓடத் தெரியாத பிராணி. பிடித்து வெளிநாட்டுக்குக் கடத்துவோரும் இருக்கின்றனர் என்று வழிகாட்டி சொன்னான். அதன் படமொன்று எடுத்தே தீர்வதென்று பாதையை விட்டு விலகிய நமது இளைய மாணவன், திரும்பி வரவில்லை.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. பின்னர் மூடுபனி இறங்கிற்று. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை என்று கதைகளிற் படித்திருக்கிறோம், அது மிகையன்று. பெயரைச் சொல்லி அழைத்தோம். பதில் இல்லை. கைத்தொலைபேசியை எடுத்துப் பார்த்த மூத்த மாணவன், ஒன்றும் பேசாமல் அதனை மீண்டும் பைக்குள் வைத்துக்கொண்டான். ஆசிரியரின் முகம் வெளிறிவிட்டது. பிள்ளையின் பெற்றோருக்கு என்ன பதில் சொல்வது என்ற ஒரே எண்ணம் அவருக்கு. இந்தத் தொடரில் வழி தவறி இரவெல்லாம் தவித்தவர்களைப் பற்றியும், உயிருடன் திரும்பாதவர்களைப் பற்றியும் பத்திரிகைகளில் வந்த செய்திகள் யாவும் அப்போதுதான் எமது நினைவுக்கு வந்து தொலைத்தன.

வழிகாட்டி மட்டும் பதறவில்லை. “யாரும் அசையாதீங்க. தேடிப் போனா நாமளும் தொலைவோம்” என்றான். வாயருகே இரு கைகளையும் குவித்து “ஊ...” என்று நீண்டதொரு குரல் எழுப்பினான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மலையில் சொல் உடைந்து போகுமாம். நீட்டி ஊதும் குரல் மட்டுமே உடையாமற் போகுமாம். இருமுறை கூவினான். மூன்றாம் முறை, எங்கோ மேலே, கணவாய்ப் பக்கத்திலிருந்து, அதே போன்று ஒரு குரல் மறுமொழி தந்தது. மாணவனின் குரலன்று அது, முதிர்ந்த குரல். “மீமுரே மாமா வந்துட்டாரு” என்றான் வழிகாட்டி. அப்பால் நம்மை அழைத்துச் செல்வதற்காகக் கணவாயில் காத்திருந்த சிங்களப் பெரியவர் அவர்.

இரு குரல்களும் மாறி மாறி ஒலித்தன. நடுவே எங்கிருந்தோ மெலிதாக, அழுகையும் கலந்ததாய், மூன்றாவது குரலொன்று கிளம்பிற்று. அரை மணி நேரத்தில், மேலிருந்து பெரியவர் இறங்கிவர, கீழிருந்து வழிகாட்டி ஏற, ஒரு பாறையடியில் குந்தியிருந்த பையனை இருவரும் கண்டுபிடித்தனர். பாறைக்கு அப்பால் பத்தடியில் பள்ளம். அன்று முழுவதும் அவன் அதிகம் பேசவில்லை.

சிங்களக் கிராமங்களில் பழைய நாளில் ‘ஹூவ’ என்று ஒரு தூர அளவு வழங்கியது என்றும், ஒருவன் கூவினால் எவ்வளவு தூரம் கேட்குமோ அதுவே ஒரு ஹூவ என்றும் பெரியவர் பின்னர் விளக்கினார். நாம் கூப்பிடு தூரம் என்கிறோமே, அதுதான்! ஒரே மலையின் இரு பக்கத்தில், இரு மொழி பேசும் மக்கள், ஒரே கோலால் தூரத்தை அளந்திருக்கிறார்கள். அந்தக் கோல் வேலை செய்வதை நம் காதாலேயே கேட்டோம்.

கோபெட்ஸ் கணவாய் ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில் உள்ளது. அங்கே அடைந்தபோது நண்பகல். கணவாயின் முகப்பில் காற்று மனிதரைத் தள்ளிவிடும் வேகத்தில் வீசிற்று. ஆனால் என்ன விந்தை! நூறு அடி நடந்து அப்புறம் இறங்கியதும் மழை இல்லை, மேகமும் இல்லை. கீழே கிழக்குச் சமவெளி வெயிலில் காய்ந்து கிடந்தது. காற்றுத் தன் நீரையெல்லாம் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிட்டு, வெறுங்கையுடன் இந்தப் பக்கம் இறங்குகிறது. வடகிழக்குப் பருவக்காற்று வரும்போது கிழக்குப் பக்கத்துக்கு மழை. புவியியற் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் முழுவதும் எழுதியிருப்பதை ஈரச் சட்டையோடு போய் உலர்ந்த சட்டையோடு நின்று அறிந்தோம்.

தங்கப்புவப் பையன் அங்கேயே விடைபெற்றான். கூலியுடன் கொஞ்சம் மேலே வைத்துக் கொடுக்க முயன்ற ஆசிரியரிடம், “அடுத்த தடவ ஆள் கூட்டிட்டு வாங்க சார், போதும்” என்று சொல்லிவிட்டு மழைக்குள் மறைந்தான்.

பெரியவருக்கு அறுபத்தைந்து வயது. சாரத்தை மடித்துக் கட்டி, செருப்பும் இல்லாமல், கத்தியொன்றை இடுப்பிற் செருகி முன்னே நடந்தார். எங்களை அவர் ‘மஹத்தயா’ என்று அழைக்க, மாணவர்கள் அவரை ‘மாமே’ என்று அழைத்தனர். நமது சிங்களமும் அவருடைய தமிழும் ஏறக்குறைய ஒரே தரத்தில் இருந்தமையால் உரையாடல் இனிது நடந்தேறியது. கொண்டையூசி வளைவுகளில் இறங்கி, கைக்காவலக் கிராமத்தில் அன்றிரவைக் கழித்து, மறுநாள் காலை மீமுரேக்கு நடந்தோம்.

நடக்கும்போதே பழைய கதைகள் வந்தன. கண்டி அரசர் காலத்தில் இப்பகுதிக்கு வண்டிப் பாதை கிடையாது. பொதி மாடுகளை வரிசையாய் ஓட்டிச் செல்லும் ‘தவளம்’ என்ற முறையிலேயே உப்பும் துணியும் உள்ளே வந்தன; பாக்கும் ஏலமும் வெளியே போயின. அட்லஸ் மலையின் கோவேறு கழுதைக்கு இங்கே பொதிமாடு. ஜோன் டேவி என்ற இராணுவ வைத்தியர் 1821 இல் வெளியிட்ட தமது நூலில், மீமுரேப் பக்கத்துக் குகையொன்றில் வெடியுப்பு எடுக்கப்பட்டதை விவரித்திருக்கிறார். அரசனின் துப்பாக்கிகளுக்கு மருந்து அங்கிருந்து போயிற்று. அவர் மருந்தறிஞர், நாம் குகையைத் தேடிப் போகவில்லை, முழங்கால் மறுத்துவிட்டது.

மீமுரே ஒரு கிண்ணத்தின் அடியில் வைத்தாற் போன்ற ஊர். சுற்றிலும் மலை, நடுவே படிக்கட்டு வயல்கள், ஓடைகள். ஊருக்கு மேலே முக்கோண வடிவில் தன்னந்தனியாய் நிமிர்ந்து நிற்கிறது லக்கேகல. இராவணனின் புட்பக விமானம் புறப்பட்ட இடம் அதுவே என்று ஊரார் கதை சொல்வர். இராமாயணத்தை நாம் ஒரு பக்கத்திலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள். இவர்கள் இராவணனைத் தங்கள் ஊர்க்காரனாகக் கொண்டாடுவதைக் கேட்க வேடிக்கையாகவும் இருந்தது, ஒருவகையில் நியாயமாகவும் பட்டது.

பெரியவரின் வீட்டுத் திண்ணையில் குரக்கன் ரொட்டியும், கித்துள் பாணியும், வயலுக்கு அருகே பறித்த கீரையும் கிடைத்தன. கித்துள் மரத்தில் பாளை சீவிப் பாணி காய்ச்சுவது இங்கே பரம்பரைத் தொழில். அதைவிடப் பெரிய தொழில் ஒன்று இருந்தது. அது ஏலம்.

காட்டு மரங்களின் நிழலில், அடிச்செடிகளை வெட்டித் துப்புரவாக்கி, ஏலம் நடுவது பல தலைமுறை வழக்கம். காய்களை உலர்த்த அங்கேயே சூளைகள் கட்டினர். சூளைக்கு விறகும் காட்டிலிருந்தே வந்தது. மேலே பார்த்தால் காடு பச்சையாயிருக்கும். கீழே இளங்கன்று ஒன்றுகூட இராது. கிழமரம் விழுந்தால் அவ்விடத்தில் எழுவதற்கு வாரிசில்லை. இதனை ஆராய்ந்தவர்களின் எச்சரிக்கையின் பேரில், 1980களிலிருந்து படிப்படியாக ஏலச் செய்கைக்கான அனுமதிகள் நிறுத்தப்பட்டன. 2000 ஆம் ஆண்டில் தும்பர மலை பேணற் காடாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2010 இல் ஹோட்டன் சமவெளி, சிவனொளிபாத வனம் ஆகியவற்றுடன் சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. நாட்டுக்குப் பெருமை. ஆனால் பெரியவரின் தந்தை நட்ட ஏலத்துக்கு?

“சரியா, பிழையா?” என்று நேராகவே கேட்டுவிட்டார் நமது ஆசிரியர்.

பெரியவர் வெற்றிலையை மென்று முடிக்கும் வரை பேசவில்லை. பின்னர் சொன்னது இது: சிறுவனாயிருந்தபோது ஓடையில் மாசி மாதம் தண்ணீர் ஓடியது, வாலிபனாயிருந்தபோது வற்றியது, இப்போது மறுபடி சிறிது ஓடுகிறது. ஆகவே காட்டை மூடியது பிழையென்று அவர் சொல்லமாட்டார். ஆனால் ஏலக்காய் விற்ற காசில்தான் அவர் வீட்டுக்கு ஓடு போட்டார். அக்காமார் இருவருக்குக் கலியாணம் செய்தார். காட்டை மூடியவர்கள் வேறு வழியொன்றைத் திறந்துவிடவில்லை. அவருடைய மூத்த மகன் கொழும்புப் பக்கத்துத் தொழிற்சாலையொன்றில். இளையவன் இராணுவத்தில். ஊரில் இளைஞர் குறைந்துகொண்டே போகின்றனர். இத்தொடரில் ஆளில்லாமற்போய் காடு மூடிய கிராமங்கள் ஏற்கெனவே உண்டு.

“பயணிகள் வருவதால்தான் நான் இன்னும் இந்தப் பாதைகளில் நடக்கிறேன். நான் நடப்பதால்தான் பாதை இருக்கிறது. மூன்று மழைக்கு ஆள் நடக்காவிட்டால் பாதை போய்விடும், மஹத்தயா.”

இதைக் கேட்டபின், மலைநடைக்கு வருவோரைப் பற்றி எமது எண்ணமும் சற்று மாறிற்று. கும்பலாய் வந்து, ஒலிபெருக்கி வைத்துக் கூத்தாடி, ஓடையில் போத்தல்களை எறிந்துவிட்டுப் போகிறவர்களும் மீமுரேக்கு வரத்தான் செய்கின்றனர். வழிநெடுக அவற்றைக் கண்டோம். அவர்கள் வராதிருப்பதே மலைக்குச் செய்யும் உபகாரம். எனினும் ஒருவருமே வராவிட்டால் பெரியவரின் கால்களில் இருக்கும் வரைபடம் அவரோடு போய்விடும். வனப் பாதுகாப்புத் திணைக்களத்தில் அனுமதி பெற்று, ஊரவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, அவர் வீட்டிலேயே உண்டு உறங்கி வருபவர் தரும் பணம் சிறிதாயினும் அந்த ஊரிலேயே நிற்கும். கொழும்பிலிருந்தே சமைத்த சோறும் ஆளும் கொண்டுவருபவர் விட்டுச் செல்வது போத்தல் மட்டுமே.

அன்றிரவு இளைய மாணவன் பெரியவரின் பக்கத்தில் பாயை விரித்துக்கொண்டு, கையைக் குவித்துக் கூவுவது எப்படி என்று கற்றுக்கொண்டிருந்தான். ஊர் நாய்கள் யாவும் பதில் சொல்லின.

நான்காம் நாள் திரும்பும் பயணம் வானில். லூல்வத்த, டீன்ஸ்டன் வழியாக ஹுன்னஸ்கிரியவில் மகியங்கனை வீதியை அடைந்தோம். அருகிலேயே மெதமகாநுவர. கண்டியின் கடைசி அரசனாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், ஆங்கிலேயருக்கு அஞ்சித் தலைநகரை விட்டு இந்தத் தும்பரப் பகுதிக்கு ஓடிவந்து, 1815 பெப்ரவரியில் இந்த ஊருக்கு அண்மையில் பிடிபட்டான். நாயக்க வம்சத்தவனாகிய அவனை வேலூருக்குக் கொண்டு போயினர். 1832 இல் அங்கேயே இறந்தான். பின்னும் இறங்கினால் தெல்தெனிய. 1985 இல் நிறைவெய்திய விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கீழே பழைய தெல்தெனிய நகரம் மூழ்கிக் கிடக்கிறது. மாலையில் கட்டுகஸ்தோட்டைக்கு வந்து சேர்ந்தபோது மலையை மேகம் மூடியிருந்தது.

போக எண்ணும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தை முதல் சித்திரை வரையுள்ள மாதங்களே இந்நடைக்கு ஏற்றவை. ஆகஸ்ட் மாதத்தில் எம்மைப் போல் மேற்குச் சரிவில் நனைய ஆசையில்லாதவர் மீமுரேப் பக்கம் மட்டும் போகலாம். சிறுவரைக் கூட்டிச் செல்வோர் கணவாயிலிருந்து கைக்காவல வரை இறங்கும் வீதியோடு நிறுத்திக்கொள்வது நலம். எல்லாவற்றுக்கும் முன்னர், பாதையின் இன்றைய நிலையை விசாரித்தல் வேண்டும். 2023 செப்டெம்பர் 8 இல் உயர் அட்லஸில் நிலம் நடுங்கி, ஏறத்தாழ மூவாயிரம் பேர் மாண்டு, முன்னே நாம் சொன்ன மண்வீட்டு ஊர்கள் பல இடிந்து விழுந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நம் மலைநாட்டையும் விட்டுவைக்கவில்லை. கண்டி, மாத்தளை மாவட்டங்களில் மண்சரிவுகள் பல உயிர்களைக் கொண்டு போயின.

புயல் ஓய்ந்த சில வாரங்களின் பின் தங்கப்புவப் பையனோடு தொலைபேசியில் பேசினோம். பாட்டி நலமாம். மீமுரே மாமாவும் நலமாம். கணவாய் வரை வந்து கூவிப் பார்த்தாராம், இவனும் பதில் கூவினானாம். நாம் நடந்த பாதையைப் பற்றிக் கேட்டோம்.

“அது போயிருச்சு சார். மாமாவும் நானும் வேற ஒண்ணு பாத்து வெட்டிக்கிட்டு இருக்கோம். சித்திரைக்கு முந்தி முடிஞ்சிரும்” என்றான்.